ஃபைட்டருக்கு ஒரு துணை

“அதுவும் வேண்டாம்” என்றார் கணவர்.

வண்ணமீன் கடைக்காரம்மா வலையைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மனைவி ஆசையாகக் கை காட்டுவதும், இந்த மனிதர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மறுப்பதுமாக வெகுநேரம் ஓடிவிட்டது. இன்னும் ஒரு வால்கூட விற்றபாடில்லை.

“அக்கா, நீங்க வாங்க இப்படி” என்று மனைவியைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டாள். “உங்க வீட்டு ஃபைட்டர் மீனோட கண்டதையும் விட முடியாது. நீளமா வால் இருக்கிறதைப் பார்த்தா, தன்னை மாதிரி இன்னொருத்தன் வந்துட்டான்னு பாய்ஞ்சுடும். அதனால கப்பி மீன் கூடாது. இதோ, அடியிலயே மேயுதே கோரி, இது ரொம்ப சாது. அது வம்புக்கு வந்தாகூட இது பாட்டுக்கு ஒதுங்கிப் போயிடும்.”

“அப்படி ஒண்ணுதாம்மா வேணும்” என்றாள் மனைவி. “தனியா இருந்து இருந்து அதுக்கு ஏக்கம் பிடிச்சுப் போச்சு. போடுற தீனி போட்டபடியே கிடக்கு. எந்நேரமும் கல்லுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்குது.”

“தண்ணியெல்லாம் ஒழுங்கா மாத்துறீங்களா?”

“இவருதான் மாத்துவாரு. அதுல ஒரு குறை சொல்ல முடியாது.”

கடைக்காரம்மா கோரியை வலையில் அள்ளினாள். “விட்டுடுங்கம்மா, வேண்டாம்” என்றார் கணவர். நத்தையைக் காட்டினாள். வேண்டாம். கண்ணாடி போல உடம்புள்ள சின்ன இறாலைக் காட்டினாள். அதுவும் வேண்டாம்.

சரியான கஞ்சப் பிசினாறி என்று மனதுக்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். பெண்டாட்டி பேச்சு எடுபடாத வீட்டு ஆண்களை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அந்த விஷயத்தில் அவளுக்கு ரொம்பவே கர்வம்.

“இவருக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா” என்று மனைவி புருஷனுக்குப் பரிந்துகொண்டு வந்தாள். “போன மாசம் என்னை ஒரு வார்த்தை கேக்காம, அச்சு அசல் அதே நீலத்துல இன்னொரு ஃபைட்டரை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. நல்லவேளை, நான் பார்த்துட்டேன். உள்ள விட்டிருந்தா ரெண்டும் கடிச்சுக்கிட்டே செத்திருக்கும். பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்.”

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கடையிலேயே சுவரோரமாக ஃபைட்டர்கள் ஆளுக்கொரு புட்டியில் இருந்தன. பக்கத்துப் புட்டி கண்ணில் படாதபடி நடுவில் அட்டை சொருகியிருந்தாள்.

“இதைப் பார்த்துமா சார் உங்களுக்குத் தெரியல?”

அவர் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என் பையன் வாங்கினதும்மா எங்க ஃபைட்டர்” என்றாள் மனைவி. “காலேஜ் விட்டு வந்தா தோள்ல இருக்கிற பையைக்கூட இறக்காம நேரா தொட்டிகிட்ட போய்த்தான் நிப்பான். ஒரு நாள் காலையில வண்டியில போனான், திரும்பி வரல.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவன் கைபட்டதுல உசிரோட இருக்கிறது அது ஒண்ணுதான். அதுக்கும் ஏதாவது ஆயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?”

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் விரல் நீள மீன் ஒன்றைக் கேட்கிறாள். அதற்கும் இந்த மனிதருக்கு மனசு வரவில்லையே என்று கடைக்காரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

“அக்கா, வெளியில கூடையில கூழாங்கல் இருக்கு. உங்களுக்குப் பிடிச்சதா நாலு பொறுக்கிட்டு வாங்களேன்” என்று அவளை நைஸாக அனுப்பிவைத்தாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம். கடைக்காரம்மா பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி, கோரியைப் போட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, பையை அவர் கையில் திணித்தாள்.

“காசு வேண்டாம், பிடிங்க. அந்த அக்கா முகத்துக்காகத் தர்றேன். அவங்க வயிறு எப்படிப் பத்தி எரியுதுன்னு உங்களுக்குத் தெரியலையா? நீங்களும் அப்பன்தானே சார்?”

அவர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே மீன் மீசையை ஆட்டியபடி சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. பையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“காசுக்காக இல்லம்மா. இது உள்ள போனா அவ தாங்க மாட்டா.”

“ஏன், உங்க ஃபைட்டர் இதைக் கொன்னுடும்னு பயமா? அதுக்கு நான் பொறுப்பு.”

“இது ஒண்ணு மட்டும்தான் நீந்துதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்.”

கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே அந்தத் தாய் கூடை அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மீனின் வால் கிழிந்துவிடக் கூடாதே என்று, கூழாங்கல் ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் உரசி உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளையே பார்த்தபடி, அவள் காதில் விழாத குரலில் சொன்னார்.

“பையன் போன மறுவாரமே அதுவும் செத்துடுச்சு. நான்தான் எடுத்துப் புதைச்சேன். அவளும் பக்கத்துலதான் நின்னா. தொட்டியில இப்ப வெறும் தண்ணிதாம்மா இருக்கு.”