அப்பாவுக்கு ‘மிஸ்’ இல்லை

"முன்னாடி ‘மிஸ்’ சேர்ந்தா தப்புன்னு அர்த்தமாம்மா?"

ஆறாம் வகுப்பு படிக்கும் ஜெரூஷா ஹோம்வொர்க் நோட்டோடு சமையலறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். தோசை வார்த்துக்கொண்டிருந்த சாராள் ஆமாம் என்றாள். தாம்பரத்தில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை; இங்கிலீஷ் ஓரளவு வரும். மிஸ்யூஸ் என்றால் தப்பாகப் பயன்படுத்துவது, மிஸ்பிஹேவ் என்றால் தப்பாக நடந்துகொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதவேண்டுமாம்.

"அப்ப ‘மிஸ்ஸிங்’னா? அப்பா ஏதாவது தப்பு பண்ணாரா?"

சாராள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அது வேற வார்த்தைடி. அதுல ‘மிஸ்’ஸைத் தனியாப் பிரிக்க முடியாது. காணாமப் போறது, அவ்வளவுதான்."

"எப்படிக் காணாமப் போனாரு? இன்னொரு தடவை சொல்லும்மா."

சாராளுக்கு அது தடுமாறாமல் வரும். முடிச்சூர் முழுக்க வெள்ளம் புகுந்த அந்த டிசம்பர். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கிவரேன் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போன ஜெர்சன் திரும்பி வரவே இல்லை. மொட்டை மாடியில் டார்ச் அடித்துக்கொண்டே நின்றதையும், அந்த வீடே வேண்டாமென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலையூருக்குக் குடிவந்ததையும் சொன்னாள். அப்பாவுக்காக ஜெபம் பண்ணுவதை மட்டும் விட்டுவிடாதே என்று வழக்கம்போல முடித்தாள்.

ஜெரூஷா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஒண்ணுதான். ‘மிஸ்லீட்’" என்றாள்.

"பொய் சொல்லி நம்பவைக்கிறது. வாக்கியம் நான் சொல்லட்டுமா?"

"வேணாம், எழுதிட்டேன்." தலையைக் குனிந்தபடியே படித்தாள். "மை மதர் மிஸ்லெட் மீ."

தோசை தீய்ந்துகொண்டிருந்தது. சாராள் மெல்லத் திரும்பினாள்.

"என்னடி எழுதி வச்சிருக்க?"

"அப்பா ஸ்கூல் வாசலுக்கு வந்திருந்தாரும்மா. கேளம்பாக்கத்துலதான் இருக்காராம். என்னைப் பார்க்கவே கூடாதுன்னு நீதான் கோர்ட்டுல ஆர்டர் வாங்கினியாம்."