படிக்கட்டுக்கு ஐந்து மார்க்

"யாரு, படிக்கட்டு சாரா வர்றார்?"

ஆய்வுக்கு வருபவர் யாரென்று தெரிந்ததும் இப்படிக் கேட்டுக்கொண்டே இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கட்டடங்களால் உண்டாகிற கார்பனைக் குறைப்பதுதான் அவர் வேலை. இந்த எட்டு மாடி அலுவலகத்தில் வெயிலின் சூட்டை உள்ளே விடாத கண்ணாடி, வெளிச்சம் வந்தால் தானே அணைகிற விளக்கு என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். பசுமைச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அவர்தான் தலைமை இன்ஜினியர். கிடைக்காவிட்டால் அந்த நாற்காலி, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மச்சினனுக்கு. பெண்டாட்டியின் தம்பியைப் போய் 'சார்' என்று கூப்பிடுவதா? நினைத்தாலே தூக்கம் வருவதில்லை மனுஷருக்கு.

அந்தப் பயத்தில்தான் விண்ணப்பத்தில் கொஞ்சம் அள்ளிவிட்டிருந்தார். 'எங்கள் அலுவலகத்தில் யாரும் லிஃப்டைத் தொடுவதில்லை, எப்போதும் படிக்கட்டுதான்' என்று எழுதி, மின்சாரம் மிச்சம் என்று அதற்கு ஐந்து மார்க்கும் கேட்டிருந்தார். நிஜத்தில் அவர், முதல் மாடி கேன்டீனுக்கே லிஃப்டில் போகிற ஆள்.

ஆய்வுக்கு யாராவது ஒரு சோம்பேறி வருவார், லிஃப்டில் ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று நம்பியிருந்தார். வருவதோ, எந்தக் கட்டடத்திலும் லிஃப்டில் ஏறாத புண்ணியவான். அவர் படியேறுகிற போட்டோவைப் பெரிதாக்கி லிஃப்ட் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிற அலுவலகங்கள் உண்டு.

போனில் மனைவியிடம் புலம்பினார். மொட்டைமாடியில் துணி காயப்போடக்கூட ஏறாதவர் எட்டு மாடி ஏறப்போகிறாரா என்று அவள் சிரித்துவிட்டு, முட்டிக்குத் தைலம் பையில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல ஆறுதல்!

ஆய்வாளர் வந்தார். ஒல்லியாக, காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு.

"நடந்தே போயிடலாமே. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே?"

"தினமும் சார்," என்றார் இன்ஜினியர். பின்னால் மச்சினனுக்கு இருமல் வந்தது.

முதல் மாடிக்குள்ளேயே இன்ஜினியருக்கு நாக்குத் தள்ளியது. ஆய்வாளர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் நின்றார். இந்தக் கண்ணாடி என்ன கனம், எங்கே வாங்கினீர்கள், உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தார்.

இரண்டாவது மாடியில் விளக்கைப் பற்றி. மூன்றாவதில் பெயின்டைப் பற்றி. இன்ஜினியரிடமிருந்து காற்றுதான் வந்தது. பதிலெல்லாம் மச்சினன்தான் மடமடவென்று சொன்னான். நாற்காலி கண்ணெதிரே அவன் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஆறாவதில் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, வெளியே தெரிகிற மரத்துக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டார். ஏறித் தொலைக்கவாவது விடுகிறானா பாவி என்று இன்ஜினியர் மனசுக்குள் கருவினார்.

எட்டாவது மாடியில் கிடைத்த நாற்காலியில் அப்படியே சரிந்தார். பை, தைலம் என்று கையாலேயே ஜாடை காட்டினார். பை கீழே இருந்தது. மச்சினன் எப்போதும்போல ஓடிப்போய் லிஃப்டுக்குள் புகுந்தான். கதவு மூடிய பிறகுதான் அவன் செய்த காரியம் இன்ஜினியருக்கு உறைத்தது.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"அந்த அஞ்சு மார்க்கை எடுத்துடறேன்."

இதற்கு மேல் என்ன மறைப்பது? "மன்னிச்சிடுங்க சார், பொய்தான் எழுதினேன். இங்க யாரும் படி ஏறுறதில்லை. நான் சுத்தமா ஏறுறதில்லை."

"முதல் மாடியிலேயே தெரிஞ்சுபோச்சு. அந்த அஞ்சு இல்லாமலே நீங்க பாஸ். இவ்வளவு நல்லா வேலை செஞ்சிட்டு எதுக்குங்க இந்தப் பொய்?"

பாஸ்! இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தெரிஞ்சுமா சார் மாடிக்கு மாடி நிறுத்திக் கேள்வி கேட்டு உயிரை வாங்கினீங்க?"

"கண்ணாடி, பெயின்ட் விவரமெல்லாம் நீங்க அனுப்பின காகிதத்துல போன வாரமே பார்த்தாச்சு. உங்களுக்கு மூச்சு வாங்குச்சு. சும்மா நின்னா சங்கடப்படுவீங்களேன்னுதான் ஏதோ கேட்டுக்கிட்டிருந்தேன்."

இன்ஜினியர் அசடு வழிந்தார். மனசுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்கு லிஃப்டிலேயே வந்திருக்கலாமே சார்?"

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு லிஃப்டுன்னா பயங்க. கதவு மூடினாலே கைகால் நடுங்கும். ஜனங்க அதைக் கொள்கைன்னு நினைச்சுப் போட்டோ மாட்டிட்டாங்க. இனிமே எப்படிச் சொல்றது? நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

லிஃப்ட் கதவு திறந்தது. ஆய்வாளர் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். பையை நீட்டிய மச்சினன், கதவு மூடாமல் காலை வைத்துத் தடுத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, அதான் நான் லிஃப்டுல போனதை சார் பார்த்துட்டாரே. சாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, இதிலேயே இறங்கிடலாம்."

உள்ளே ஜிலுஜிலுவென்று மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் அதை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்த ஆய்வாளரின் முகத்தையும் பார்த்தார். முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"நீ போடா. நாங்க லிஃப்டைத் தொடுறதில்லை, எப்பவும் படிக்கட்டுதான்."