துளசியின் ராக்கெட்

அந்தச் சின்ன ராக்கெட்டைச் செய்தவள் துளசி. அவள் செத்த பிறகு கணவன் றமணன் இரண்டு தரம் ஏற்றிப் பார்த்தான். இரண்டு தரமும் அது சரிந்து விழுந்தது. இன்று அதன் மூக்குக்குள் அவளுடைய சாம்பல் ஒரு சிட்டிகை இருந்தது. இன்று அது விழக்கூடாது.

குட்மேய்ஸ் பூங்காவில், புதுக் காரின் சில்லுக்குக் கீழே வைப்பதுபோல, ராக்கெட்டின் செட்டைகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தான்.

"அத்தான், எஞ்சினியரிங் படிச்சுப்போட்டுத் தேசிக்காயோ?" துளசியின் தங்கை கோசிகா சிரித்தாள்.

"அந்தக் காலத்திலை ராக்கெட் விட்ட ஒருத்தன் மந்திரம் சொல்லித்தான் கொளுத்தினவனாம். கொக்கா துளசிதான் சொன்னவ."

"உங்களுக்கு மந்திரம் தெரியுமோ?"

"தெரியாது. அவளின்ர பேரைச் சொல்லுவம்."

இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். ராக்கெட் நேரே மேலே போனது. பாரசூட் விரிந்து, புல்லில் மெதுவாக வந்து இறங்கியது. கோசிகா ஓடிப்போய் எடுத்தாள். மூக்கு வெறுமையாக இருந்தது.

"அத்தான், உயரம் காட்டுற மீட்டர் இன்னும் நிக்கேல்லை!"

ராக்கெட் அவள் கையில் இருந்தது. அதில் பூட்டியிருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பின்னேரம் அது விமானங்கள் பறக்கும் உயரத்தைத் தாண்டியபோது, இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.