பாலத்துக்கு அந்தப் பக்கம்

அவருடைய கட்டைவிரல் நகரவில்லை.

எதிரே உட்கார்ந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவி. அதன் திரையில் ஒரு போர் விளையாட்டு: கோட்டை, ஆறு, பாலம். மேசையில் காபி ஏடு கட்டிவிட்டது.

அந்த விளையாட்டை முதலில் கணினிக்காக உருவாக்கியவரே அவர்தான், சந்தனராஜ். அதில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நீங்கள் கிணறு தோண்டிக்கொண்டிருக்கும்போதே எதிரி குதிரை ஏறிவிடுவான். தும்மினால் கோட்டை போச்சு. ஆடியவர்கள் எல்லோரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் ஆடினார்கள்.

அவளும்தான். கல்லூரி விடுதியில் சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழாமல்.

அதைக் கையடக்கக் கருவிக்கு மாற்றும் வேலை இப்போது அவளுடையது. அந்தத் துளித் திரையில் அவ்வளவு வேகமாக ஓட விரலுக்கு இடமில்லை. வேகத்தையே எடுத்துவிட்டாள். நீ ஒரு முறை, நான் ஒரு முறை. தன் முறை வரும்வரை எதிரி கைகட்டி நிற்பான்.

"வேகம் போச்சுன்னா அது என் கேம் இல்லம்மா" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

இன்று அவர் சரி என்றால் வெளிவரும். இல்லையென்றால் அத்தனை மாத உழைப்பும் குப்பைக்கு.

அவளுக்கே உள்ளூர உதறல். அதனால்தான் கைப்பையில் இன்னொரு கருவி. அதே விளையாட்டு, ஆனால் மூலையில் ஒரு கடிகாரம். அரை நிமிடத்துக்குள் காய் நகர்த்தாவிட்டால் முறை பறிபோகும். அவர் முகம் சுளித்தால் சட்டென்று அதை நீட்டிவிடலாம்.

விரல் இன்னும் நகரவில்லை.

சலித்துவிட்டது போல. அவள் கை மெல்லக் கைப்பைக்குள் போனது.

எட்டித் திரையைப் பார்த்தாள்.

எதிரிப் படை ஆற்றை நெருங்கிவிட்டது. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஆடிய எல்லோருக்கும் தெரியும். பாலத்தை உடைக்க வேண்டும். கணினியில் அதற்கு ஒரே பொத்தான். யோசித்தவன் தோற்றான். அவள் உடைத்த பாலங்களுக்குக் கணக்கே இல்லை.

அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். வயலிலிருந்து கோட்டைக்குத் திரும்புகிறவர்கள். ஒருத்தியின் தலையில் புல்லுக்கட்டு. ஒருவன் தோளில் ஆட்டுக்குட்டி. கடைசி ஆள் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார்.

இவர்களை அவள் சேர்க்கவில்லை. பழைய விளையாட்டிலேயே இருந்தார்கள். வேகத்தை எடுத்த அன்றுதான் கண்ணில் பட்டார்கள். எறும்பளவு உருவங்கள், ஆளுக்கொரு நடை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாரே, என்ன மனுஷன் என்று அன்று மலைத்துப்போனாள். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

"இவங்கள வரைஞ்சது நான்தான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒரு தடவைகூட நின்னு பார்த்ததில்ல."

கட்டைவிரல் நகர்ந்தது. பாலத்தின் மேல் போய் நின்றது.

பிறகு விலகியது.

ஒரு வீரனையும் அவர் நகர்த்தவில்லை. கீழே 'முறை முடிந்தது' என்றிருந்த பொத்தானை அழுத்தினார்.

கண் சிமிட்டும் நேரத்தைக்கூட எதிரிக்குக் கொடுத்தறியாதவர் அவர்.

புல்லுக்கட்டு பாலத்தைத் தாண்டியது. ஆட்டுக்குட்டியும் தாண்டியது. எதிரியின் குதிரைகள் அந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

மறுபடி அவர் முறை.

அவள் கைப்பையிலிருந்து வெறுங்கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"சார், காபி ஆறிடுச்சு. வேற கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"இரும்மா" என்றார். "இன்னும் ஒருத்தர் வரணும்."