கடையில் விடாத வண்டி

"எழுநூத்தி நாப்பது, அண்ணே! முழுசா எழுநூத்தி நாப்பது பாக்கி. இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டா இந்த வாரம் எங்க வீட்டுல அடுப்புக்கு வேலையே இல்லை."

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ரொட்டிக்காரர் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படியில் நின்றார். விடிகிறதற்குள் பைக்கில் கூடையைக் கட்டிக் கடை கடையாக ரொட்டி போடுகிற ஆள். அந்த வேலை முடிந்து, கடனை அடைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தார்.

கீழ்வீட்டுக்காரர் வாசலில் மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேலே அவருடைய பைக். அதன் அடியில் ஒரு நசுங்கிய பேசினைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"யாருக்குத் தம்பி பாக்கி?"

"ஒரு மெக்கானிக் கடைக்கு. ஆயில் மாத்தினது. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், மச்சான்தான் வண்டியை விட்டு எடுத்துட்டு வந்தான். கடனும் சொல்லிட்டு வந்துட்டான். மாத்தினதுல இருந்து வண்டி அடுப்பு மாதிரி சுடுது. சத்தம் வேற, மாவு மெஷின் தோத்துச்சு. அது படுத்தா நானும் படுத்தேன் அண்ணே."

"மெக்கானிக் கடையா!" கீழ்வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தேவிட்டார்.

"போச்சு, ஆரம்பிச்சுட்டாரு." உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் வண்டியைக் கடையில விடுறாங்க தம்பி. இவரு மட்டும்தான் வாசலை நாசம் பண்ணுவாரு. போன தடவை என் நல்ல துண்டு போச்சு."

"அது கிழிஞ்ச துண்டுடி."

"நீங்க துடைச்சதுக்கு அப்புறம்தான் கிழிஞ்சுது." அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அவ கிடக்கிறா. என் வண்டியை எந்தக் கடைப் பயலையும் தொட விடமாட்டேன், பார்த்துக்குங்க." அவர் வண்டியைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். "முதல்ல இன்ஜினைச் சூடு பண்ணணும். அப்பத்தான் பழைய ஆயில் இளகி முழுசா இறங்கும். கடையில பண்ணுவானா? மாட்டான். அவனுக்கு அடுத்த வண்டி நிக்குது. பாதிக் கசடு உள்ளேயே தங்கிடும்."

போல்ட்டைத் திருகினார். கன்னங்கரேலென்று எண்ணெய் பேசினில் இறங்கியது. ரொட்டிக்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா பாருங்க, இந்த போல்ட்டுக்கு ஒரு வாஷர். ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். கடையில பழசையே திருப்பிப் போட்டு, புதுசுக்குக் காசு வாங்கிடுவான்."

"அடப்பாவி!"

"இன்னும் கேளுங்க. உங்க வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில். ஊத்துறது முக்கால்தான். மிச்சம் எங்க போகும்? நாலு வண்டி மிச்சத்தைச் சேர்த்தா அஞ்சாவது வண்டி ஓசி. அதுலயும் நல்ல கம்பெனி டப்பாவா இருக்கும், உள்ள இருக்கிறது டிரம் சரக்கு."

"அதான் என் வண்டி இப்படிச் சுடுதா?"

"வேறென்ன? வயித்துக்குப் பத்தாம ஓடுது பாவம்."

ரொட்டிக்காரருக்கு மூக்கு விடைத்தது. "இவனுக்கா நான் வீட்டுச் செலவை வழிச்சு எடுத்துட்டுப் போறேன்? விடமாட்டேன் அண்ணே! இப்பவே போறேன். நாலு பேரு முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

"கேளுங்க! நல்லாக் கேளுங்க!" கீழ்வீட்டுக்காரர் புதிய வாஷரைப் போட்டு போல்ட்டை முறுக்கினார். புனலை வைத்துப் புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தார். "எந்தக் கடை அது?"

"பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, நீலக் கதவு போட்டிருக்குமே, அது."

புனல் சாய்ந்தது. தேன் மாதிரி எண்ணெய் சைலன்சர் மேல் வழிந்தது.

"அண்ணே, கொட்டுது, கொட்டுது!"

"ம்... ஆமாம்." கையில் கிடைத்த துணியால் அவசரமாகத் துடைத்தார். வெள்ளைத் துண்டு.

"தெரிஞ்ச கடையா அண்ணே?"

"பார்த்திருக்கேன்."

"அப்ப நீங்களும் வாங்க. இந்த வாஷர் கதையை எல்லாம் உங்களை மாதிரி எனக்குச் சொல்ல வராது."

"வேணாம் தம்பி. காலங்காத்தால சண்டை எதுக்கு? உக்காருங்க."

"பணம்?"

"குடுக்காதீங்க. ஒத்தைக் காசு குடுக்காதீங்க. அந்தக் கணக்கு இத்தோட முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க."

"அவன் வீடு தேடி வந்து கேட்டா?"

"வரமாட்டான்."

"எப்படி அண்ணே அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

கீழ்வீட்டுக்காரர் உள்ளே போய் இன்னொரு ஆயில் டப்பாவை எடுத்துவந்தார். "உங்க வண்டியை இங்க தள்ளிட்டு வாங்க. நானே மாத்தி விடுறேன். முழு லிட்டர். புது வாஷர். காசு பேச்சே எடுக்கக்கூடாது."

ரொட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பையைப் பொத்தியிருந்த கையை இப்போதுதான் எடுத்தார். "நீங்களும் மனுஷன்தான், அந்தக் கடைக்காரனும் மனுஷன்தான். அவன் ஒரு நாள் உங்களை வந்து பார்க்கணும் அண்ணே, புத்தி வரும்!"

"வரும், வரும்" என்றபடி அவர் அவசரமாக வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார்.

அப்போது கையில் போனோடு மனைவி வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, உங்க ஆளுங்க மூணு பேரும் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காங்களாம். அந்த நீலக் கதவைத் திறக்காம எப்படி வேலையை ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க, கடைச் சாவியைக் குடுத்துட்டு அப்புறமாப் படுங்க!"