குளுக்கோஸ் தண்ணீர்

"உவ்வே! வாயில வைக்க முடியலைங்க. பாகைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு."

லேப் வாசலில் டம்ளரும் கையுமாக அவள் முகத்தைச் சுளித்தாள். ஆறு மாத வயிறு, கையில் வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீர், சுற்றிலும் பினாயில் நாற்றம். பக்கத்தில் யாரோ எடுத்த வாந்தி வேறு அப்படியே கிடந்தது. அந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவனுக்கு மூக்கே கிடையாதோ என்னவோ!

பக்கத்தில் நின்ற கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான். "கண்ணை மூடிக்கிட்டு மடக்கு மடக்குன்னு குடிச்சிடும்மா. குழந்தைக்காக."

"இங்கேயே எடுத்துடுவேன் போலிருக்கு. வாஷ்பேசின்கிட்ட நின்னு குடிச்சிட்டு வர்றேன்."

போனவள் காலி டம்ளரோடு திரும்பி வந்தாள். "சமத்து!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தான். ரத்தம் எடுக்கும்வரை இருவரும் பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள்.

துடைப்பத்தோடு வந்த ஆஸ்பத்திரி ஆயாம்மா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனாள். "வாஷ்பேசினெல்லாம் பிசுபிசுன்னு எறும்பு மொய்க்குது. கருமம், என்னத்தைத் துப்பித் தொலைக்கிறாங்களோ!"

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். "சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கும்மா. கர்ப்பத்துல வர்ற சர்க்கரை."

கணவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கூத்து டாக்டர் இது? வெறும் வயித்தோட வரச் சொல்லி, ஒரு டம்ளர் சர்க்கரையை நீங்களே ஊத்திட்டு, இப்போ சர்க்கரை இருக்குன்னா? எனக்கு ஊத்தினாலும் ஏறத்தான் செய்யும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!"

டாக்டர் கோபப்படவில்லை. "ஏறும் சார். ஆனா ரத்தம் எடுக்கறதுக்குள்ள இறங்கியிருக்கணும். கர்ப்பமா இருக்கும்போது சிலருக்கு உடம்பால அதை இறக்க முடியாது. அவங்க மேல தப்பு எதுவும் இல்லை. சாப்பாட்டை மாத்தி, நடந்து, தேவைப்பட்டா இன்சுலின் போட்டுக் கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். அப்படியே விட்டா குழந்தைக்குத்தான் ஆபத்து."

"ஓகோ, ஊசிக்கு ஆள் பிடிக்கிறீங்களா?" அருவருப்போடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "வாம்மா போகலாம். நல்லா இருக்கிறவளை நோயாளி ஆக்கிடுவாங்க. இனி இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க வேண்டாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் சொன்னாள்.

"நான் அதைக் குடிக்கவே இல்லைங்க."