கடலுக்குக் கிளம்பிய இரும்பு

பாறைக்கு அடியில், இருட்டில், நீரோடு கரைந்து கிடந்தது கொஞ்சம் இரும்பு. "வா, உனக்குக் கடலைக் காட்டுறேன்" என்று நீர் அதைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. தூக்கத்தில் நடப்பதுபோல் இரண்டும் வெகுகாலம் மண்ணுக்குள் நகர்ந்தன.

மலைச்சரிவில், ஊற்றின் வாயில் வெளிச்சம் தெரிந்தது. காற்று குனிந்து இரும்பைத் தொட்டது. "யாரு நீ?" என்று கேட்டபடியே இரும்பு அதோடு சேர்ந்துகொண்டது. உடனே உடம்பெல்லாம் சிவந்து கனத்து, துருவாகிக் கல்லின்மேல் படிந்தது.

"எழுந்திரு, கடலுக்குப் போகணுமே!" நீர் அதை இழுத்துப் பார்த்தது.

"என்னால இனிமே கரைய முடியாது. இங்கேயே நல்லாத்தான் இருக்கு. நீ பார்த்துட்டு வந்து சொல்லு."

"சொல்றேன்" என்றது நீர்.

மலையேறித் திரும்பி வர முடியாதென்று அதற்குத் தெரியும். உடம்பு லேசாகிப்போனது பிடிக்காமல், மெதுவாகக் கீழே இறங்கியது.